1991 மியாட்டாவில் டர்போ: எந்த ஈசியூ?

வணக்கம் நண்பரே. 1.6 லிட்டர் மேனுவல் மியாட்டாவில் (மாஸ்டாவின் ஸ்போர்ட்ஸ் கார்) 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற்ற, பழைய கனெக்டரிலேயே செருகும் பிளக்-அண்ட்-ப்ளே ஈசியூவா (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), வயரிங்கையே மாற்றி கஸ்டம் ட்யூனிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் எதிரெதிர் இல்லை. பிளக்-அண்ட்-ப்ளே என்பது கனெக்டர் சமாச்சாரம் மட்டும்தான். ட்யூனிங் எதற்குமே வேண்டும்.

பழைய ஹார்னஸ் (வயர் தொகுப்பு) நல்ல நிலையில் இருந்தால் பிளக்-அண்ட்-ப்ளேயே வாங்கி, மிச்சக் காசை டைனோவுக்கு (பவரை அளந்தபடியே ட்யூன் செய்ய உதவும் மெஷின்) வையுங்கள். கூடவே வரும் பேஸ் மேப் (பெட்ரோல், இக்னிஷன் அளவுகளின் ஆரம்ப அட்டவணை) வண்டியை ஸ்டார்ட் பண்ண மட்டும்தான். தயவுசெய்து அதை நம்பி பூஸ்ட் ஏற்றாதீர்கள்!

புது ஈசியூவோடு பழைய ஏர் ஃப்ளோ மீட்டர் (காற்றின் அளவைப் பார்ப்பது) போய்விடுவதால் மேப் (MAP) சென்சாரும் (இன்டேக்கில் காற்றழுத்தத்தை அளப்பது) இன்டேக் வெப்ப சென்சாரும் தேவை. வெப்ப சென்சார் இன்டர்கூலருக்கு (டர்போ காற்றைக் குளிர்விப்பது) பின்னால் வரட்டும். உங்கள் மாடலின் த்ராட்டில் சென்சார் வெறும் சுவிட்ச்தான், அதையும் மாற்றுவது நல்லது.

முதல் வேலையாக இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் வரும் நேரம்) 10 டிகிரியில் லாக் செய்து, டைமிங் லைட் அடித்து கிராங்க் புல்லியில் உள்ள குறியைப் பாருங்கள். திரையில் 10, புல்லியில் 14 என்றால் மேப் முழுக்க ஸ்பார்க் 4 டிகிரி முன்னதாகவே (அட்வான்ஸ்) வருகிறது. பூஸ்டில் நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) வந்து பிஸ்டன் போய்விடும்.

இன்ஜெக்டரை மாற்றினால் ஈசியூவில் டெட் டைமும் (இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம்) மாற வேண்டும், இல்லையென்றால் ஐடில் நிற்காது. வைட்பேண்ட் சென்சாரை (காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார்) எக்ஸாஸ்டில் டர்போவுக்குப் பின்னால் பொருத்துங்கள். முழு பூஸ்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு காற்று 11.5 முதல் 11.8 பங்கு வரை இருக்கட்டும்.