திருட்டுச் சிலைகளை மீட்கும் அமெரிக்க ராணுவ அதிகாரி: அவருக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது?

மேத்யூ பொக்டனோஸ் அமெரிக்க மரைன் ரிசர்வ் படையில் (தேவைப்படும்போது அழைக்கப்படும் துணைப்படை) கர்னலாக இருந்தவர். நியூயார்க் மன்ஹாட்டனில் அரசு வழக்கறிஞர். சிலைகளை அவர் மீட்பது இரண்டாவது பதவியின் பலத்தில்தான்.

தொடக்கம் மட்டும் போர்க்களம். 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பொருளைத் திருப்பித் தந்தால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். சுமார் 5,000 ஆண்டுப் பழமையான வார்கா ஜாடி, துண்டு துண்டாக ஒரு கார் டிக்கியில் திரும்பி வந்தது. பாசெட்கி செப்புச் சிலை கிடைத்ததோ ஒரு கழிவுக் குழியில்!

சரி, நியூயார்க்கில்? திருடியவனுக்குப் பொருள்மேல் உரிமை கிடையாது. அவனிடமிருந்து வாங்கியவருக்கும் கிடையாது. இதுதான் அங்குள்ள சட்டம். திருட்டு பைக் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கினாலும், சொந்தக்காரர் வந்தால் விட்டுவிட வேண்டியதுதானே? அதே கதைதான். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கிய தங்க முலாம் பூசிய சவப்பெட்டி, 2019இல் எகிப்துக்குத் திரும்பியது இப்படித்தான். நம் கோயில் சிலைகளைக் கடத்திய சுபாஷ் கபூரின் நியூயார்க் கிடங்குகளைச் சோதனையிட வைத்ததும் இதே அரசு வழக்கறிஞர் அலுவலகம்தான்.

அப்புறம், பறிமுதல் செய்த சிலைகளை அமெரிக்காவே வைத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவை வழக்கில் சாட்சியம். அந்த வேலை முடிந்ததும் எந்த நாட்டிலிருந்து போனதோ அந்த நாட்டிடமே ஒப்படைக்கிறார்கள்.