ஹீட் பம்ப் தரும் வெப்பத்தை அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் விடுதியின் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் கருவி) 4 கிலோவாட் வெப்பம் தரும் என்று சொல்லி விற்றார்கள். உள்ளே போகும் பைப்பிலும் வெளியே வரும் பைப்பிலும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரை டேப் போட்டு ஒட்டினோம். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓட்டத்தில் ஒரு நாள் 5 கிலோவாட், மறுநாள் 3.3. எது சரி?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். 12 லிட்டர் நீரை 12 கிலோ என்று வைத்தால், விநாடிக்கு 0.2 கிலோ. அதை 4.18 ஆலும் (ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான கிலோஜூல்), இரு முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். 5 டிகிரிக்கு 4.18 வரும், 6 என்று காட்டினால் 5.0, 4 என்று காட்டினால் 3.3. ஆக, ஒரே ஒரு டிகிரிதான் உங்களை அலைக்கழிக்கிறது. இந்த வகை சென்சாரில் அரை டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டலாம். ஒன்று கூட்டியும் மற்றது குறைத்தும் காட்டினால் கதை முடிந்தது.

ஓட்டத்தைக் குறைத்து வித்தியாசத்தை 10 டிகிரி ஆக்கலாமே என்று தோன்றும். கெய்சருக்கு அது நல்ல வழி. ஹீட் பம்பில் வெளியேறும் நீர் சூடாக ஆக கம்ப்ரசரின் சுமை ஏறி, அளக்க வந்த வெப்பமே மாறிவிடும்.

சென்சாரின் பிழை பெரும்பாலும் நிலையானது, அதனால் கழித்துவிடலாம். இரண்டையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி, வாளித் தண்ணீரில் 30, 40, 50 டிகிரியில் கலக்கிக்கொண்டே படித்து, வரும் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் மாறுவதற்கு டேப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்: பைப்பின் மேல் ஒட்டிய சென்சார் பாதி அறைக் காற்றைப் படிக்கிறது. அடி மூடிய மெல்லிய பித்தளைக் குழலை எல்போ (பைப்பின் வளைவு) வழியாக, ஓட்டத்துக்கு எதிர்முகமாக 10 செ.மீ. உள்ளே செருகி, சென்சாரை அதற்குள் வையுங்கள். சூடான நீர் நன்றாகக் கலந்திருக்க, வெளியேறும் பக்கம் இரண்டு எல்போ தாண்டிய இடம் உத்தமம். இரண்டு சென்சாருக்கும் நடுவில் தண்ணீர் மோட்டார் இருக்கக் கூடாது, அதன் சூடும் கணக்கில் ஏறிவிடும். வெப்பம் கசியாமல் இருக்க, பைப்புக்கு நைட்ரைல் ஃபோம் சுற்றுங்கள்.

ஓட்டத்துக்கு மலிவான டர்பைன் மீட்டர் வேண்டாம். 2 நிமிடம் டிரம்மில் பிடித்துத் தராசில் நிறுங்கள். 50 டிகிரி வெந்நீர் லிட்டருக்கு 988 கிராம்தான், அதனால் லிட்டர் கணக்கு ஏமாற்றும். மேல்நிலைத் தொட்டியில் மட்டம் இறங்கினால் ஓட்டமும் குறையும். சோதனைக்கு முன்னும் பின்னும் நிறுங்கள். அதே தொட்டிக்குத் திருப்பி விட்டால் உள்நுழையும் நீர் சூடேறிக்கொண்டே போகும். சம்ப்பில் விட்டு, வெளியேறும் வெப்பநிலை 10 நிமிடம் அசையாமல் நின்ற பிறகு படியுங்கள். உள்நுழையும் நீர், வெளிக்காற்று இரண்டின் வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். பெயர்ப்பலகையின் 4 கிலோவாட் எந்த நிலைக்கு என்று பார்க்காமல் ஒப்பிட முடியாது.

கடைசிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஹீட் பம்பை விலக்கி, அதே சென்சார்களுக்கு நடுவே 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கெய்சரை இணையுங்கள். மின்சாரத்தை மீட்டரில் அளக்க வேண்டும்: 230 வோல்ட்டுக்கான கெய்சர் 210 வோல்ட்டில் 2.5 கிலோவாட்தான் இழுக்கும். அப்போது அதே ஓட்டத்தில் 3.0 டிகிரி வித்தியாசம் காட்ட வேண்டும். 2.7 காட்டினால் ஹீட் பம்ப் மேல் புகார் எழுதாதீர்கள், உங்கள் பைப்பைப் பாருங்கள்.