மதியத்தில் அடைத்துப்போகும் ஃபஸ் பெடல்

காலையில் வீட்டில் நன்றாகப் பாடும் ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி), மதியம் குளச்சல் மேடையில் வெயில் ஏறியதும் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்கிறீர்கள். சால்டரிங்கைச் சந்தேகப்படாதீர்கள். உள்ளே இருக்கும் ஏசி128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்தான் காரணம். சூடானால் கசிவு மின்னோட்டம் கூடி பயாஸ், அதாவது டிரான்சிஸ்டர் வேலைசெய்யும் வோல்டேஜ் நிலை, நகர்ந்துவிடும்.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் இருக்கும் 8.2கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, திருகித் திருப்பி மாற்றக்கூடிய ரெசிஸ்டரான டிரிம்பாட், 20கே அளவில் போடுங்கள். பெடல் சூடாக இருக்கும்போதே மல்ட்டிமீட்டரைக் கலெக்டரில் வைத்து, சுமார் 4.5 வோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். ஏசி128 பிஎன்பி வகை, இந்தப் பெடலில் பேட்டரியின் பிளஸ் பக்கம்தான் கிரவுண்ட் என்பதால் மைனஸில் காட்டும், பயப்பட வேண்டாம். அதே காரணத்தால் மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்க்காதீர்கள், ஷார்ட் ஆகும்.

எப்போதும் வெயிலில்தான் வாசிப்பு என்றால் சிலிக்கான் டிரான்சிஸ்டரான பிசி109 போடுவது நல்லது. அது பிஎன்பிக்கு நேரெதிரான என்பிஎன் வகை, அதனால் பேட்டரியையும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களையும் திருப்பிப் போட வேண்டும். அப்புறம், கடற்காற்றில் ஜாக்கில் பச்சை பிடித்திருக்கும், அதையும் ஒரு தடவை பாருங்கள்.