அடுத்தவர் வயலில் உரிமையோடு நடக்கலாம்

தம்பி, இங்கிலாந்தில் இந்த ரெடிங்கிற்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, மழை விட்டபாடில்லை, இந்த ஊரில் அப்படி என்ன பிடித்துப்போய் எல்லாரும் இங்கேயே தங்கிவிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பரில் யார் வந்தாலும் இப்படித்தான் கேட்பார்கள். சம்பளம், மருத்துவம், பிள்ளைகள் படிப்பு பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வேறு. இங்கே முன்பின் தெரியாத ஒருவருடைய வயலுக்குள் உரிமையோடு நடந்து போகலாம்.

நிஜமாகத்தான். சாலையோரம் ஒரு மரக்கம்பம் ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்று வயல் பக்கம் கைகாட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே போனால் வேலிக் கம்பங்களில் வட்டமான சின்னத் தகடு, அதில் அம்புக்குறி. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். கோதுமைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை போய்க்கொண்டே இருக்கும். நிலத்துக்காரர் அதன் குறுக்கே உழுதால், 14 நாளுக்குள் பாதையைத் திரும்பச் சீராக்கிவிட வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட பொதுவழிகள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன.

இதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை. டார்பிஷயரில் கிண்டர் ஸ்கவுட் என்றொரு மலைமேடு. பறவை வேட்டைக்கென்று அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி மேலே ஏறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். பொதுப் பாதைகளை வரைபடத்தில் பதியச் சொல்லும் சட்டம் 1949இல் வந்தது. மலைமேடுகளைத் திறந்துவிடும் சட்டத்துக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லீவு நாளில் காலாற நடப்பதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருந்த நாடு என்று நினைத்தாலே எனக்கு இதன்மேல் பிரியம் கூடிவிடும்.

எங்கள் அம்மா வந்திருந்தபோது புளியோதரை கட்டிக்கொண்டு அப்படியொரு பாதையில் கூட்டிப் போனேன். “யார் வயலோ என்னவோ, பார்த்தால் சத்தம் போடப் போறாங்க” என்று கிசுகிசுத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் எதிரே டிராக்டர். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நிலத்துக்காரர் இஞ்சினை அணைத்தார், தொப்பியைச் சற்றுத் தூக்கினார், இப்போதைக்கு நல்ல வெயில், மதியத்துக்கு மேல் மழை வந்தாலும் வரும் என்றார். அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். “அவ்வளவுதானா?” என்றார் அம்மா. அவ்வளவுதான்! அடுத்த வயலில் மாடுகளெல்லாம் ஒன்றுகூடி வந்து அம்மாவின் சிவப்புச் சேலையை வைத்த கண் வாங்காமல் பார்த்தன. (கன்றோடு நிற்கும் மாட்டிடம் மட்டும் தள்ளியே நடங்கள்.) வேலியில் சின்னக் கூண்டுபோல ஓர் அடைப்பு, அதற்குள் முன்னும் பின்னும் ஆடும் கதவு. ஒருவர் உள்ளே நின்று, கதவைத் தள்ளி, அந்தப் பக்கம் போக வேண்டும். மாட்டால் முடியாது. அம்மா அதில் போய்வந்து போய்வந்து பார்த்தார். ஊருக்குப் போய் ஒரு மாதம் அந்தக் கதவைப் பற்றித்தான் பேச்சாம்.

வானிலைப் பேச்சையும் நான் ரசிக்கிறேன். பஸ் ஸ்டாப்பில் அறிமுகமில்லாத பாட்டி “இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை” என்று ஆரம்பித்தால், பஸ் வருவதற்குள் அவர் பேரன் வரைக்கும் தெரிந்துவிடும். இறங்கும்போது டிரைவருக்கு எல்லாரும் நன்றி சொல்வதும் அப்படித்தான், மனசுக்கு இதமாக இருக்கும்.

அப்புறம் அலாட்மென்ட். கவுன்சில், அதாவது ஊர் நிர்வாகம், கொஞ்ச வாடகைக்குத் தரும் தோட்டத்துண்டு. இன்றைக்கே பெயர் கொடுத்து வையுங்கள், பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் அருமையாக வரும். ஜூலையில் சுக்கினி என்கிற பூசணி வகைக் காய் காய்த்துத் தள்ளும்போது பக்கத்துப் பாத்திக்காரர்கள் கை நிறையக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் கூட்டு வைத்துத் திருப்பிக் கொடுப்பேன்.

இருட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், வேலை முடித்து வந்தும் ஆசை தீர நடக்கலாம்.

அதுவரை காத்திருக்காதீர்கள். வருகிற சனிக்கிழமை ரயிலேறி கோரிங் ஸ்டேஷனில் இறங்குங்கள், ரெடிங்கிலிருந்து பக்கம்தான். அங்கிருந்து தேம்ஸ் பாதையில் பாங்பர்ன் வரை ஆறேழு கிலோமீட்டர். ஆற்றோரம், அப்புறம் மரங்களடர்ந்த மேடு, அப்புறம் விட்சர்ச் கிராமம். மழை பெய்திருந்தால் சேறு கணுக்கால் வரை வரும், நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்பினால் வெளிச்சத்தோடு முடித்துவிடலாம். கடைசியில் ஒரு பாலம் வரும். கார்க்காரர்கள் காசு கொடுத்துக் கடக்க வேண்டும், நடந்து வருகிறவர்களுக்கு இலவசம். தாண்டினால் பாங்பர்ன், திரும்ப ரயில் அங்கேயே இருக்கிறது.