ஆட்டாவா, கோதுமை மாவா? ஒன்லைனில் மா வாங்குவோரின் கேள்விகள்

கடைக்குப் போய் வாங்கும்போது பக்கற்றை அமத்திப் பார்க்கலாம், திகதியைத் திருப்பிப் பார்க்கலாம், முதலாளியிடம் இரண்டு வார்த்தை கேட்கலாம். ஒன்லைனில் ஒரு பெயரும் ஒரு படமும்தான் இருக்கும். மா ஆலையிலும், பிறகு பேக்கரிகளுக்கு மா தெரிவு செய்து கொடுக்கும் வேலையிலும் பல வருடம் இருந்ததால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. எந்த மாவாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது மூன்று விஷயம்: தானியத்தின் எந்தப் பகுதி இதில் இருக்கிறது, இது அவித்தோ வறுத்தோ சூடு கண்ட மாவா, எப்போது அரைத்தது. கீழே உள்ள பதில்களும் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

இந்திய வீடியோ ஒன்றைப் பார்த்து "கோதுமை மாவு" ஓடர் பண்ணி சப்பாத்தி சுட்டேன். வெள்ளையாக, ஆறியதும் தோல் மாதிரி இழுவையாகிவிட்டது. மா பழுதா? (வெள்ளவத்தை)

மாவில் பழுதில்லை, பெயரில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் கோதுமை மாவு என்றால் முழுக்கோதுமையை அரைத்தது, அதாவது இலங்கையில் எங்கள் ஆட்டா மா. நாங்கள் கோதுமை மா என்று சொல்வதை அவர்கள் மைதா என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை அமெரிக்கன் மா என்பார்கள். ஆகவே இந்தியச் சமையல் குறிப்பில் கோதுமை மாவு என்று கண்டால் தேடும் இடத்தில் "ஆட்டா" என்று போடுங்கள். மைதா என்று கண்டால் எங்கள் கோதுமை மாவே போதும்.

இந்த இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோதுமை மணியில் நூற்றுக்கு 83 பங்கு அளவில் உள்ளே இருக்கும் வெள்ளை மாப்பகுதி. 14 பங்கு அளவில் தவிடு. மிச்சம் 3 பங்குக்குள் முளை. நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் மணியை இங்கே அரைக்கிறார்கள். திருகோணமலை சீனன்குடாவில் பிரிமா ஆலை 1980 இல் ஓடத் தொடங்கியது. கொழும்புத் துறைமுகத்துக்குள் இருக்கும் செரண்டிப் ஆலை 2008 இல் வந்தது.

ஆலையில் மணியைக் கல், தூசி, வைக்கோல் போகச் சுத்தம் செய்தபின் செய்யும் முதல் வேலை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: தண்ணீர் தெளிப்பார்கள். மணியின் ஈரப்பதம் நூற்றுக்கு 15, 16 அளவுக்கு வரும்படி நனைத்துப் பல மணி நேரம் ஊற விடுவார்கள். ஈரம் பட்டால் தவிடு தோல் போலப் பதமாகி, பொடியாகாமல் அகலமான துண்டுகளாகக் கழரும். உள்ளே உள்ள பகுதி இளகி இலேசாக உடையும். அப்புறம் பல் வெட்டிய இரும்பு உருளைகள் மணியைப் பிளந்து சுரண்டும், அடுக்கடுக்கான அரிதட்டுகள் சலிக்கும், வழவழப்பான உருளைகள் ரவையாக வந்ததை மாவாக்கும். இப்படித் திரும்பத் திரும்ப ஓடி, 100 கிலோ கோதுமையில் ஏறக்குறைய 75 கிலோ வெள்ளை மா கிடைக்கும். ஒரே தரம் அரைத்து முடிகிற வேலை இல்லை இது. எந்த உருளையிலிருந்து, எந்தச் சல்லடையிலிருந்து வந்த மாவை எதோடு சேர்ப்பது என்பதில்தான் ஆலைக்காரரின் கைப்பக்குவம் முழுவதும் இருக்கிறது.

ஆட்டா அப்படியில்லை. வழக்கமாக இரண்டு கற்களுக்கு நடுவே முழு மணியும் நசுங்கி, தவிடும் முளையும் சேர்ந்தே வரும். கல்லின் அழுத்தத்தில் மாச்சத்தின் துகள்கள் கூடுதலாக உடைவதால் அந்த மா தண்ணீரை நன்றாக இழுத்துக்கொள்ளும். சப்பாத்தி ஆறியும் மெதுவாக இருப்பது அதனால்தான். வாங்கிய வெள்ளை மாவை வீணாக்க வேண்டாம். தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுடுங்கள், பராட்டாவுக்கும் அதுதான் சரி.

ஆட்டா என்று விற்பதெல்லாம் உண்மையிலேயே முழுக்கோதுமையா? (தெஹிவளை)

எல்லாம் இல்லை. வெள்ளை மாவில் தவிட்டைத் திருப்பிக் கலந்து ஆட்டா என்று விற்பதும் உண்டு. பக்கற்றின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 100 கிராமுக்கு நார்ச்சத்து 10 கிராமை ஒட்டி இருந்தால் முழுக்கோதுமை என்று நம்பலாம். வெள்ளை மாவில் அது 3 கிராம் அளவுதான். 5, 6 என்று போட்டிருந்தால் கலவை. பின்பக்கப் படமே போடாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அனுப்ப மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

அதே அட்டவணையில் புரதத்தையும் பார்க்கலாம். வெள்ளை மாவில் 11 கிராமுக்கு மேல் என்றால் பாண், பணிசுக்கு நல்லது. 8, 9 என்றால் கேக்குக்கு. பாணுக்கு மா தேடுகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த ஓர் எண்ணைப் பார்த்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

வெள்ளை மாவை வெளுக்க "அலொக்ஸான்" போடுகிறார்கள், அதுதான் நீரிழிவுக்குக் காரணம் என்று வட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (கொட்டாஞ்சேனை)

அலொக்ஸான் என்ற இரசாயனம் இருக்கிறது. ஆய்வுகூடங்களில் எலிகளின் கணையத்தைப் பாதித்து நீரிழிவை உண்டாக்கி, அதை ஆராயப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மாவை வெளுக்கப் போடும் பொருள் அது இல்லை. சில நாடுகளில் வெளுக்க பென்சோயில் பெரொக்சைட் போன்றவற்றை அனுமதிக்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியில்லை. சேர்த்திருந்தால் பக்கற்றில் எழுதியிருக்க வேண்டும். தவிடு நீங்கியதாலேயே மா வெள்ளையாகத்தான் இருக்கும். புதிதாக அரைத்தபோது இருக்கும் மெல்லிய மஞ்சளும் காற்றுப் பட்டுச் சில வாரங்களில் குறைந்துவிடும்.

உங்களுக்கு நீரிழிவு இருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. நார்ச்சத்து நீங்கிய மா சீக்கிரம் சமித்து இரத்தத்தில் சீனியை ஏற்றும். மூன்று வேளையும் பாண், ரொட்டி, கொத்து என்று போவதைக் குறைப்பதற்கு அந்தக் காரணமே போதும்.

அம்மா மாவை அவித்துத்தான் புட்டு அவிப்பா. இப்போது "அவித்த கோதுமை மா" பக்கற்றிலேயே வருகிறது. அவிப்பது உண்மையில் எதற்கு? வாங்கலாமா? (பம்பலப்பிட்டி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கோதுமையில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையும்போது ஒன்றோடொன்று பின்னி இழுவையாகின்றன. அதைத்தான் குளூட்டன் என்கிறோம். பாணுக்கு அந்த இழுவை வேண்டும். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுவே எதிரி. மாவைத் துணியில் கட்டி நீராவியில் அரை மணி, முக்கால் மணி நேரம் வைத்தால் அந்தப் புரதம் சூட்டில் மாறிவிடுகிறது, பிறகு எவ்வளவு குழைத்தாலும் பின்னாது. அதனால்தான் புட்டு உதிர் உதிராக வருகிறது. ஆய்வுகூடம் எதுவும் இல்லாமல், கப்பலில் வந்த ஓர் அந்நிய மாவை எங்கள் நீத்துப்பெட்டிக்கும் இடியப்ப உரலுக்கும் பழக்கி எடுத்த பெண்களின் அறிவு இது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

வாங்கலாம். வந்ததும் ஒரு தேக்கரண்டி மாவைத் தண்ணீர் விட்டு உருட்டி இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இறப்பர் போல நீண்டால் அவிந்தது போதாது. பட்டென்று அறுந்தால் சரி. அவித்த மா ஈரம் பிடித்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சிறிய பக்கற்றாக வாங்கித் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள்.

வீட்டில் அவிப்பதென்றால் சூடு ஆற முன்னரே கட்டிகளை டம்ளரின் அடியால் அழுத்தி உடைத்து அரித்துவிட வேண்டும். ஆறிப்போனால் கல்லாகிவிடும், பிறகு கை நோவுதான் மிச்சம். ஒன்று மட்டும் கவனம்: அவித்த மாவில் ரொட்டி தட்ட வராது.

ஒன்லைனில் வாங்கும் அரிசி மாவில் இடியப்பம் பிழிந்தால் துண்டு துண்டாக உடைகிறது. (மட்டக்குளி)

அரிசியில் குளூட்டன் இல்லை. அரிசி மாவைப் பிடித்து வைப்பது கொதிநீர்தான். மாச்சத்து 70 பாகை அளவில் வெந்து பசையாகிறது, அந்தப் பசைதான் நூலை அறாமல் வைத்திருக்கிறது. கேத்திலை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஊற்றினால் அந்தப் பசை வராது. தளதளவென்று கொதிக்கும்போதே விடுங்கள், முதலில் அகப்பைக் காம்பால் கிளறுங்கள், பிறகு கையால் குழையுங்கள்.

அதற்குப் பிறகும் உடைந்தால் மாவைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் முறையில் பச்சை அரிசியைச் சில மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்தோடு இடித்தோ மில்லில் கொடுத்தோ அரித்து வறுப்பார்கள். ஈர அரிசி மெதுவாக உடைவதால் மா பஞ்சு போல வரும். காய்ந்த அரிசியை அப்படியே இயந்திரத்தில் அரைத்த மா சற்றுக் கரகரப்பாக இருக்கும், இடியப்பத்துக்கு அவ்வளவு ஒத்துவராது. பக்கற்றில் "அரிசி மா" என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டில் எதுவும் இருக்கலாம். "வறுத்தது" என்றும் "இடியப்ப மா" என்றும் தெளிவாகப் போட்டதைத் தேடுங்கள். வந்ததும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். மணல் போலப் பட்டால் அதைப் புட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அரிசி மாவில் தவிடு இருப்பதால் தண்ணீர் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம்: இடியப்பத்துக்கு மட்டுமாவது அரிசியை ஊறவைத்துப் பக்கத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் அரைக்கும் இயந்திரம் வேறாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கோர்ன் ஃப்ளவரும் சோள மாவும் ஒன்றா? (கல்கிசை)

ஒன்றில்லை. கடையில் கிடைக்கும் வழுவழுப்பான வெள்ளைக் கோர்ன் ஃப்ளவர், சோளத்தை ஊறவைத்து முளையையும் நாரையும் புரதத்தையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மாச்சத்து மட்டும். மஞ்சள் சோள மா மணியை அரைத்தது. குழம்பைத் தடிப்பாக்க முதலாவது, ரொட்டிக்கு இரண்டாவது.

எட்டு வயது மகனுக்கு, குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குரக்கன் மாவும் அரிசி மாவும் ஒன்லைனில் வாங்கினால் பயமில்லைதானே? (வத்தளை)

அம்மா, தானியத்தைப் பொறுத்தவரை பயமில்லை. குரக்கன், அரிசி, உழுந்து, கடலை எதிலும் குளூட்டன் இல்லை. பயம் அரைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கோதுமை ஓடிய இயந்திரத்தில் அடுத்ததாகக் குரக்கன் ஓடினால் முதல் சில கிலோவில் கோதுமை கலந்தே வரும். சர்வதேச உணவு நியமத்தின்படி குளூட்டன் இல்லாதது என்று சொல்ல, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அது எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள். ஆகவே "குளூட்டன் இல்லாதது" என்று எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் தானியமாக வாங்கி, கழுவிக் காயவைத்து, வீட்டில் தனியாக ஒரு சிறிய கிரைண்டரில் அரையுங்கள். மில் வேண்டாம்.

இன்னும் மூன்று இடங்களில் கோதுமை மறைந்திருக்கும். கூட்டுப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். சோயா சோஸ் வழக்கமாகக் கோதுமை சேர்த்தே புளிக்கவைப்பது. கடை இடியப்பத்திலும் அப்பத்திலும் குரக்கன் ரொட்டியிலும் கோதுமை மா கலப்பது உண்டு. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையிலும் இதைச் சொல்லி வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியல் மா வரவழைத்தேன். கூழ் கசக்கிறது. (தெஹிவளை)

ஒடியல் என்றால் பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து வெயிலில் காயவைத்தது. அந்தக் கசப்பு அதன் இயல்பு, மா பழுதில்லை. மாவைத் தண்ணீரில் கரைத்து அடையவிட்டு, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிடுங்கள். இரண்டு தரம் செய்தால் கசப்பு இறங்கிவிடும். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல், அந்த மா வேறு, சீனி தேங்காய்ப்பூவோடு சாப்பிட நன்றாக இருக்கும். தை, மாசியில் கிழங்கு கிண்டிக் காயவைத்த பிறகு வரும் புது மாதான் மணமாக இருக்கும். ஆகவே "எந்த வருடத்து ஒடியல்" என்று விற்பவரிடம் கேளுங்கள்.

5 கிலோவாக வாங்கினால் இலாபம், ஆனால் ஒரு மாதத்தில் வண்டு வந்துவிடுகிறது. (கிருலப்பனை)

வண்டின் முட்டை பக்கற்றுக்குள்ளேயே வந்திருக்கலாம். கொழும்பின் சூடும் ஈரக்காற்றும் அதற்குச் சொர்க்கம். மா வந்த அன்றே பக்கற்றோடு பிரிட்ஜின் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். குளிர் விட்டு அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் வேர்த்து மா கட்டிப்படும். அப்புறம் இறுக்கமான மூடி உள்ள போத்தலிலோ பேணியிலோ போடுங்கள். பிரிஞ்சி இலை, கராம்பு போடுவது மட்டும் போதாது.

ஆட்டா, குரக்கன் இரண்டையும் 1 கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். முளையில் உள்ள எண்ணெய் காறல் பிடிக்கும். திகதி முடியாவிட்டாலும் பழைய எண்ணெய் மணம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

செல்ஃப் ரைசிங் மாவை மாறி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது? (நுகேகொடை)

அதில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கனவே இருக்கிறது. கேக் செய்யுங்கள், குறிப்பில் சொன்ன பேக்கிங் பவுடரை விட்டுவிடுங்கள். ரொட்டிக்கும் பாணுக்கும் வேண்டாம்.

எழுத்தே இல்லாத பொலித்தீன் பையில் குரக்கன் மா வந்தது. திகதியும் இல்லை, விலையும் இல்லை. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (மருதானை)

சாப்பிடாமல் வையுங்கள். பையையும் ஓடர் விபரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். 2003 இன் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது, முறைப்பாடுகளைத் தமிழிலும் சொல்லலாம். பணம் செலுத்திய பற்றுச்சீட்டை அழித்துவிடாதீர்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.