பால்வாடியில் என்னதான் படிக்கிறாள்?

அன்புள்ள அம்மா,

என் மகளுக்கு மூன்றரை வயது. எங்கள் தெரு பால்வாடிக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்தால் பாட்டும் ஆட்டமும்தான். அதே வயதுள்ள என் அண்ணன் மகன் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறான்; நோட்டு நோட்டாக எழுதுகிறான். "சோறு போடுகிற இடத்தில் பிள்ளையை விட்டிருக்கிறீர்களே" என்கிறார் அண்ணி. என் மகள் பின்தங்கிவிடுவாளோ?

ஒரு தகப்பன், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

அந்த நோட்டைப் பார்த்துத்தானே பயந்திருக்கிறீர்கள்? நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி முடியப் பத்துப் பன்னிரண்டு வயதாகிறது. மூன்றரை வயதுக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டுக்குள் எழுதச் சொன்னால் பிள்ளை எழுதத்தான் செய்யும், தோளையும் முழங்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. விரல் தேற வேண்டுமானால் களிமண் பிசையட்டும், சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும், புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பல்லாங்குழியில் இடட்டும். (மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்க்க ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.)

குழந்தைக் கல்விக்குப் புது முறை வகுத்த இத்தாலியர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் ஊர் திரும்ப வழியில்லாமல், நமக்குப் பக்கத்துக் கொடைக்கானலிலும் தங்கி வேலை செய்தார். அவர் முறையில் குழந்தை எழுத்தை முதலில் உப்புத்தாளில் விரலால் தடவிப் பழகும், பென்சில் பிறகுதான். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு உள்ளே நான்கு கோட்டு நோட்டு விநியோகிக்கும் பள்ளிகளுக்கு மதுரையில் பஞ்சமில்லை.

பாட்டை இளக்காரமாக எண்ணாதீர்கள். ஒரே ஓசையில் முடியும் சொற்களைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓசையைப் பிரித்தறியும் காது வருகிறது. அந்தக் காது இல்லாமல் பின்னால் எழுத்துக்கூட்டிப் படிப்பது கடினம். அங்கன்வாடிகளுக்கு நம் அரசு தந்திருக்கும் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'தான். உங்கள் மகள் பாடத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். ஒரு பந்துக்கு நான்கு பேர் அடித்துக்கொண்டு, அழுது, பிறகு தன் முறைக்குக் காத்திருக்கிறாளே, அதை வீட்டில் ஒற்றைப் பிள்ளைக்கு யார் சொல்லித் தர முடியும்?

சோறு போடுகிற இடம் என்பதும் ஒரு குறையா? ஐந்தாறு வயதுக்குள் மூளை கிட்டத்தட்ட முழு அளவை எட்டிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் சோறும் முட்டையும், எடை பார்ப்பதும் தடுப்பூசியும் படிப்பிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடியவை அல்ல. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இவற்றோடு முன்பருவக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது அதனால்தான்.

இதற்காக எல்லாப் பால்வாடியும் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். பதிவேடு, செல்போனில் பதிவேற்றம், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய் வருவது எல்லாம் அந்த ஒருவர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போன நாளில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஆகவே அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு காலைப் பொழுது அங்கே போய் உட்காருங்கள். பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் வருகிறதா, 'கையைக் கட்டு, வாயை மூடு' என்ற குரல்தான் கேட்கிறதா என்று கவனியுங்கள். சுவரில் உள்ள படத்தைப் பிள்ளைகளிடம் காட்டிப் பேசுகிறார்களா, வெறும் அலங்காரமாகத் தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

நன்றாக நடந்தால் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்வரை அங்கேயே விட்டுவையுங்கள். இல்லையென்றால் தயங்காமல் மாற்றுங்கள். மாற்றப் போகிற பள்ளியில் கட்டணத்தைக் கேட்பதற்கு முன், பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெளியே விளையாடுவார்கள் என்று கேளுங்கள். பதிலாக நோட்டை எடுத்துக் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.