கோடையில் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் சால்மன் மீன் பிடிக்க டவுன்ரிகர் (தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) ஏன் தேவைப்படுகிறது?

மீன் குளிரைத் தேடிக் கீழே போய்விடுகிறது, அதனால்தான். கோடையில் அந்த ஏரியின் மேல்நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அங்குள்ள சினூக் வகை சால்மனுக்குப் பிடித்ததோ சுமார் 10 முதல் 13 டிகிரி. அந்தக் குளிர்நீர் ஒருநாள் 15 மீட்டர் ஆழத்தில் இருக்கும், இன்னொரு நாள் 30 மீட்டரில். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று தொடர்ந்து வீசினால் சூடான மேல்நீர் விலகி, குளிர்நீர் கரையோரத்திலேயே மேலேறி வந்துவிடும்.

ஓடும் படகின் பின்னால் வெறும் தூண்டிலை விட்டால், இழுப்பில் அது மேலே எழும்பிவிடும். டவுன்ரிகரில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு எஃகுக் கம்பியில் இறங்குகிறது. தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியில் மாட்டிவிடுகிறோம். மீன் கடித்து இழுத்ததும் கவ்வி விட்டுவிடும். அப்புறம் குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம். அருமையான ஏற்பாடு!

படகின் வேகம் மணிக்கு 3.5 முதல் 5 கிலோமீட்டர் போதும். ஆனால் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தை மட்டும் நம்பாதீர்கள், ஆழத்தில் நீரோட்டம் வேறு திசையில் போகலாம். ஒரு திசையில் ஓட்டும்போது மட்டும் மீன் கடித்தால், அதே திசையிலேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

ஏரி ட்ரவுட் என்ற இன்னொரு மீன் வேண்டுமென்றால் ஏரியின் அடித்தரையை ஒட்டி, இன்னும் மெதுவாக ஓட்டுங்கள்.